மஸ்கட்டில் இருக்கும் அக்கா

திங்கட்கிழமை காலையில் இளமதி வேலைக்கு வந்தபோது கீழுதடு கிழிந்திருந்தது. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்ததாம். புருஷன் மாயவன் தட்டை விட்டெறியவில்லை, தட்டாலேயே வாயில் அறைந்தான். எவர்சில்வர் தட்டின் விளிம்பு எவ்வளவு கூர்மை என்பது தேய்த்துக் கழுவுகிறவளுக்குத் தெரியாது, அதால் அடி வாங்கியவளுக்குத்தான் தெரியும். முந்தானையால் வாயைத் துடைத்து, கறை தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள்போல வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

பக்கத்துப் பலகைக்காரிகள் பார்த்தார்கள். கேட்கவில்லை. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பியூஸ் கட்டை செய்யும் சின்னக் கம்பெனி அது. வேலை பார்க்கிற பதினொரு பெண்களும் மாயவனின் கைவேலையை அவள் முகத்தில் எட்டு வருஷமாகப் பார்த்து வருகிறவர்கள். முதல் வருஷம் கேட்டார்கள். பிறகு பழகிவிட்டது.

ஆனால் அன்று இளமதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் நான்கே நாள். வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டால் மாயவனின் கை எட்டாது. கடலைத் தாண்டி அடிக்கிற அளவுக்கு எந்தப் புருஷனுக்கும் கை நீளமில்லை.

அவள் வேலை எளிமையான வேலை. சூளையிலிருந்து இறங்கிய பீங்கான் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். கிண்ணென்று கேட்டால் நல்லது; அடியில் நீல மையில் கம்பெனி முத்திரை குத்தி அடுக்கலாம். டொக்கென்று கேட்டால் உள்ளே விரிசல். முத்திரை இல்லாமல் பின்பக்கக் குவியலுக்குப் போய்விடும். முத்திரை விழுந்தது தேறியது, விழாதது தேறாதது. எட்டு வருஷம் ஒரே வேலையைச் செய்தால் அது நினைப்பிலும் ஊறிவிடுமல்லவா?

அப்படித்தான் பாஸ்போர்ட் வந்த அன்றைக்கும் நினைத்தாள். இரண்டாம் பக்கத்தில் முத்திரை மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. ஏஜெண்ட் சாமிதுரை அதை விரலால் தட்டிக் காட்டி, "ஈ.சி.ஆர்." என்றான். மாயவனுக்கும் ஒரு பாஸ்போர்ட் உண்டு. அதில் அந்த வரி கிடையாது. பத்தாவது பாஸான மாயவனுக்கு விழாத முத்திரை எட்டாவதோடு நின்ற தனக்கு விழுந்திருக்கிறது என்று இளமதிக்கு ஒரே பூரிப்பு. கவருமெண்டே தட்டிப் பார்த்து, கிண்ணென்று கேட்டு, குத்திக் கொடுத்த முத்திரை!

மத்தியானச் சோற்று நேரத்தில் அதை வாய்விட்டும் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழம மஸ்கட்டு போறேன். வூட்டு வேல. என் பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர். முத்திர விழுந்திருக்குது, தெரியுமா? எல்லாருக்கும் விழாதாம்."

சூளைப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. எச்சிலைத் துப்புகிற மாதிரியான சிரிப்பு. சூளை இறக்குகிற பூவாயிதான்.

பூவாயி போன வருஷம் அதே மஸ்கட்டிலிருந்து வந்தவள். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஒரு கால் லேசாக இழுக்கும். 'எவன்கூடவோ ஓடிப்போய் மாட்டிக்கிட்டு வந்தவ' என்று ஊரில் பேச்சு. அவள் இளமதியைவிட நான்கு வயது பெரியவள். முறைப்படி அக்கா என்று கூப்பிட வேண்டும். அந்தக் கம்பெனியில் யாரும் கூப்பிடுவதில்லை. இளமதி ஒருபடி மேலே போய், தண்ணீர்க் குழாயடியில் வந்த சண்டையில், "ஓடிப்போனவளே" என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்டிருக்கிறாள்.

"என்னாடி சிரிப்பு?" என்று எழுந்தாள் இளமதி.

"கழிச்ச மாலுக்கு முத்திர குத்தி லாரியில ஏத்துறானேன்னு சிரிச்சேன்."

"யாருடி கழிச்ச மாலு? ஓடிப்போயிட்டு நாறி வந்தவ, நீ என்னெச் சொல்றியா?"

கையில் ஒரு பியூஸ் கட்டை இருந்தது. வீசிவிட்டாள். மாயவன் மேல் வீச வேண்டியதெல்லாம் சேர்ந்து அந்த ஒரு வீச்சில் போயிற்று. கட்டை பூவாயியின் நெற்றியில் பட்டுத் தெறித்தது. ரத்தம் புருவத்தில் தேங்கி, மூக்கோரமாக இறங்கியது. பூவாயி நொண்டிக்கொண்டே ஓடி வந்து இளமதியின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் வெள்ளைப் பொடியில் விழுந்து புரண்டார்கள். சுற்றி நின்றவர்கள் விலக்கவில்லை. "விடாத, விடாத" என்று எவளோ ஒருத்தி குரல் கொடுத்தாள், யாருக்காகச் சொன்னாளோ.

கடைசியில் இளமதியின் மார்மேல் முட்டியை ஊன்றி உட்கார்ந்த பூவாயி, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏர்போர்ட்டுல யாரப் பாக்கப் போறேன்னு சொல்லச் சொன்னான்?"

இளமதி திகைத்தாள். அது சாமிதுரை தன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னது.

"அக்காவ."

"எங்க இருக்கா?"

"மஸ்கட்டுல."

"ஒனக்கு அக்கா இருக்குதா?"

"இல்ல."

"எனக்கும் அதே அக்காதான்டி," என்றாள் பூவாயி. அவள் நெற்றி ரத்தம் ஒரு சொட்டு இளமதியின் கன்னத்தில் விழுந்தது. "ரெண்டு வருசத்துக்கு முன்னால எனக்கும் அதே அக்காவத்தான் குடுத்தான். எத்தினி தங்கச்சிவொ இருக்காளுவளோ அவளுக்கு."

முட்டியை எடுத்துவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து இளமதியும் சூளைக்குப் பின்னால் போனாள். பூவாயி நெற்றியில் வெள்ளைக் களிமண்ணை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஈ.சி.ஆர்னா என்னா?" என்று கேட்டாள் இளமதி.

"தேறுன முத்திர இல்ல. பத்தாவது முடிக்காதவங்க வெளிநாட்டு வேலைக்குப் போனா, கவருமெண்டு சோதிச்சுப் பாத்துத்தான் அனுப்பணும்னு அர்த்தம். வேல குடுக்கிறவன் யாரு, வூடு எங்க, எல்லாத்தயும் பாத்து அவுங்க ஒத்துக்கணும். வூட்டு வேலைக்கிப் பொம்பள போவணும்னா முப்பது வயசு முடிஞ்சிருக்கணும். ஒனக்கு என்னா வயசு?"

"இருவத்தாறு."

"அப்ப வேலைக்கின்னு ஒன்ன அனுப்பவே முடியாது. அதனாலதான் சுத்திப் பாக்கப் போறவன்னு அனுப்புறான். அதுக்குப் பேரு விசிட் விசா. விருந்தாடிக்குக் குடுக்குற சீட்டு. விருந்தாடிய யாரும் நிறுத்தி சோதிக்க மாட்டாங்க. போயி எறங்குனதும் விருந்தாடி கையில தொடப்பத்தக் குடுப்பாங்க."

பூவாயி இடது கையை நீட்டினாள். மடங்காத இரண்டு விரல்.

"இது ஸ்பான்சர். அந்த வூட்டுக்காரிக்கு அதான் பேரு. அந்த நாட்டுல நம்ம இருக்குறது அவ பேருல. என் பாஸ்போர்ட்ட பீரோவுல வச்சிப் பூட்டுனா. குடுன்னு கேட்டேன். பீரோக் கதவுல என் கைய வச்சி அடச்சா. ரெண்டு தடவ."

ரவிக்கையைத் தோளிலிருந்து விலக்கினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை அச்சு அசலாகத் தோளில் இருந்தது.

"இது ஓவர் ஸ்டே. சீட்டுல போட்ட நாளு முடிஞ்சும் அங்கயே இருந்தா அது குத்தம். நானா இருந்தேன்? பூட்டி வச்சிருந்தா. நாளு முடிஞ்ச அன்னிக்கி, 'இனிமே நீ வெளிய போனாப் போலீசு ஒன்னத்தான் புடிக்கும்'னு சொல்லிட்டு இத வச்சா. அன்னியிலேருந்து பயமில்லாம அடிச்சா."

இழுக்கிற காலைத் தட்டினாள்.

"இது அப்ஸ்காண்டிங். மாடியிலேருந்து குதிச்சேன். ஒடஞ்ச காலோட நம்ம தூதரகத்துக்குப் போயி விழுந்தேன். மறுநாளே அவ, வேலக்காரியக் காணும், ஓடிட்டான்னு போலீசுல எழுதிக் குடுத்துட்டா. மொதலாளி குடுக்குற புகாருக்கு அதான் பேரு. சாமிதுரை அந்த ஒரு வார்த்தைய வச்சிக்கிட்டு, எவன்கூடயோ ஓடிட்டான்னு ஊரு பூரா சொன்னான். நீயும்தான் சொன்ன."

குழாயடியில் சொன்னது இளமதிக்கு நினைவு வந்தது.

மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள் பூவாயி. அதற்குள் நான்காக மடித்த தாள்.

"இது ஈ.சி. எமர்ஜென்சி சர்ட்டிபிகேட்டு. பாஸ்போர்ட்டு இல்லாதவள வூட்டுக்கு அனுப்ப தூதரகம் குடுக்குறது. ஒரு தடவ, ஒரு வழி. மூணு மாசம் அங்க எத்தினியோ பொம்பளைங்களோட படுத்துக் கெடந்தேன், அங்கதான் இந்த வார்த்தையெல்லாம் படிச்சேன். ஊருக்கு வந்து ஸ்டேஷனுக்குப் போனேன். சாமிதுரை வந்து, 'எந்தப் பாஸ்போர்ட்டு, எந்த விசா, இவள எனக்குத் தெரியவே தெரியாது'ன்னுட்டான். பாஸ்போர்ட்டு அந்தப் பீரோவுல இருக்குது. இந்தத் தாளுல அவன் பேரு எங்க இருக்கு?"

அன்று சாயங்காலமே இளமதி ஜங்ஷன் ரோட்டிலிருந்த சாமிதுரையின் ஆபீஸுக்குப் போனாள்.

"அண்ணே, நான் போவல. பாஸ்போர்ட்டக் குடுத்துடுங்க."

சாமிதுரை சிரித்துக்கொண்டே டீ சொன்னான். "பயமா இருக்குதா? மொதத் தடவ எல்லாருக்கும் அப்படித்தாம்மா."

"எனக்கு எடுத்திருக்கிறது எம்ப்ளாய்மெண்ட் விசாவா, விசிட் விசாவா?"

சிரிப்பு நின்றது. நாற்காலியை விட்டு எழுந்து, முதலில் கதவைச் சாத்தினான். பிறகுதான் அறைந்தான். காலையில் கிழிந்த உதடு திரும்பவும் கிழிந்தது. கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்து, முகத்துக்கு அருகே முகம் வைத்துச் சொன்னான்: "வார்த்த சொல்லிக் குடுத்தவளோட மிச்ச விரலையும் ஒடைப்பேன்னு போயிச் சொல்லு. வியாழக்கிழம பத்து மணிக்கு காரு வரும். ஏறல, தூக்கிப் போட்டுக்கிட்டுப் போவேன்."

அவள் வீடு போய்ச் சேருவதற்குள் மாயவனுக்கு போன் போயிருந்தது. மனைவி போன ஆறாவது மாதம் அவனுக்கும் அங்கே டிரைவர் வேலை என்று சாமிதுரை வாக்குக் கொடுத்திருந்தான். மாயவன் அந்த ஸ்டியரிங்கை மனசுக்குள் பிடித்து ஓட்ட ஆரம்பித்தும் வெகுநாளாகிவிட்டது. அதை ஒருத்தி பிடுங்குகிறாள் என்றால் விடுவானா? பெல்ட்டை உருவினான்.

எத்தனை அடி என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் எண்ண வேண்டாம். வேண்டுமானால் இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். இளமதிக்குத் தண்ணீர் கொடுக்க அன்றைக்கு ஆளில்லை. செவ்வாயும் புதனும் வெளியே பூட்டிய வீட்டில், பாயில் குப்புறக் கிடந்தாள். போனையும் அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடிக்கிற கை ஊரிலேயே இருந்தாலும் மஸ்கட்டில் இருந்தாலும் கதவு மட்டும் வெளியில்தான் பூட்டப்படுகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை காலையில், மாயவன் பல் துலக்கப் போன நேரம் பார்த்து, பின்பக்கக் கூரை ஓடுகளைப் பிரித்து ஏறிக் குதித்தாள். முழங்கால் பிய்ந்தது. வேப்பூர் பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பாஸ்போர்ட் சாமிதுரையிடம் இருக்கிறவரை எங்கே போனாலும் இழுத்துக்கொண்டு வருவான். மனிதர்கள் இருக்கிற இடம் என்று அவளுக்குத் தெரிந்தது கம்பெனி ஒன்றுதான். ஓடினாள். போனதும் சாமிதுரை மிரட்டியதைப் பூவாயியிடம் சொன்னாள்.

பத்து மணிக்குக் கார் நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டது. சாமிதுரை இறங்கினான்; விசாத் தாளும் டிக்கெட்டும் செருகிய அவள் பாஸ்போர்ட் அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. கையில் துணிப்பையோடு மாயவனும் இறங்கினான். அவளுடைய இரண்டு புடவையை அவனே மடித்து எடுத்து வந்திருந்தான்.

"என் பொண்டாட்டிய அழச்சிக்கிட்டுப் போறேன்," என்றான் மாயவன். சூப்பர்வைசர் கலியமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "குடும்ப விசயம், நாம என்னத்த சொல்றது," என்று உள்ளே போய்விட்டார்.

மாயவன் அவள் முடியைச் சுருட்டிப் பிடித்தான். இழுத்தான். பலகை கவிழ்ந்தது. தட்டிப் பார்த்து அடுக்கியிருந்த கட்டைகளெல்லாம் சரிந்து சிமெண்டுத் தரையில் சிதறி உடைந்தன. அந்த உடைசல் மேலேயே அவளை இழுத்துக்கொண்டு போனான். பீங்கான் சில்லு முதுகில் ஏறியது. இளமதி கையை நீட்டித் துழாவினாள். கைக்கு அகப்பட்ட ஒரு முழுக்கட்டையை எடுத்துத் திரும்பி, முழு பலத்தோடு அவன் காதில் அடித்தாள். சத்தம் டொக்கென்றுதான் கேட்டது. மாயவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. எட்டு வருஷத்தில் அவன் ரத்தத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏய்!" என்று சாமிதுரை பாய்ந்தபோது குறுக்கே ஓர் இரும்புக் கம்பி வந்தது. சூளைத் தீயைக் கிளறுகிற நீளக் கம்பி, முனை சிவந்திருந்தது. மறு முனையில் பூவாயி.

"வாடா. மிச்ச விரல ஒடைப்பேன்னு சொன்னியாமே? இந்தா இருக்குது, எட்டு."

பிறகு கம்பியைத் தாழ்த்தாமலே, மற்ற பெண்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "ஏய், கேட்டுக்குங்க! இவளுக்கு வயசு இருவத்தாறு. பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர். கவருமெண்டு ஒப்புதலும் இல்ல. விசிட் விசாவுல வூட்டு வேலைக்கி ஏத்துறான். என்னெயும் அப்புடித்தான் ஏத்துனான். நான் ஓடிப்போவல. இவன்தான் என்னெ வித்தான்!"

"எல்லாத்துக்கும் அந்தப் பாஸ்போர்ட்டுலயே சாட்சி இருக்குது," என்று தரையில் கிடந்தபடியே கத்தினாள் இளமதி. "விசாத் தாளும் டிக்கெட்டும் அதுக்குள்ளதான் இருக்குது. அவன் சட்டப் பையில!"

பதினொரு பெண்களும் சட்டைப் பையைப் பார்த்தார்கள். சாமிதுரையும் பார்த்தான். பாஸ்போர்ட் இல்லாதவளை யாரென்றே தெரியாது என்று ஒருதடவை சொல்லித் தப்பித்தவன் அல்லவா? இன்னொரு தடவை சொல்ல என்ன வேண்டுமென்று அவனுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கியெடுத்து, நாலடி தள்ளி எரிந்துகொண்டிருந்த சூளையின் விறகு வாய்க்குள் எறிந்தான்.

பிளாஸ்டிக் உறை சுருங்குகிற நாற்றம் வந்தது.

இளமதி எழுந்தது யார் கண்ணிலும் படவில்லை. கை தீக்குள் போனதைத்தான் பார்த்தார்கள். முழங்கைவரை போயிற்று. அவள் தொண்டையிலிருந்து வந்தது மனுஷக் குரலாக இல்லை. கையை வெளியே எடுத்தபோது புடவைத் தலைப்பில் தீ ஏறியிருந்தது. ஒருத்தி களிமண் தண்ணீர் வாளியை அப்படியே கவிழ்த்தாள். மூடிய விரல்களுக்குள் அது இருந்தது. உருகிய உறை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, தோலோடு சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் கட்டையை எறிந்தவள் யாரென்று இன்றுவரை தெரியாது. தேறியது, தேறாதது என்று பார்க்காமல் எறிந்தார்கள். சாமிதுரை முகத்தைக் கையால் மறைத்தான், கையில் விழுந்தது. திரும்பினான், பின்மண்டையில் விழுந்தது. கார் கதவைத் திறக்கப் போனவனின் முழங்காலில் பூவாயி கம்பியை இறக்கினாள். விழுந்தவனை இழுத்துப் போய், அச்சு காயவைக்கிற அறைக்குள் தள்ளி வெளியில் பூட்டினார்கள். மாயவன் காதைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட் கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். துணிப்பை நடு வாசலில் கிடந்தது. ஓடுகிறவனைப் பார்த்து ஒருத்தி கத்தினாள்: "யோவ் டிரைவரே, காரு இங்க நிக்கிது!"

பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வர மூன்று மணியாகிவிட்டது. ஏட்டு நீலாவதி பாஸ்போர்ட்டைக் குறடால் பிரித்தார். ஓரமெல்லாம் கரி. நடுவில் எழுத்துப் பிழைத்திருந்தது: பேர், பிறந்த தேதி, அந்த ஈ.சி.ஆர். வரி. உள்ளே மடித்திருந்த விசாத் தாளில் 'விசிட்' என்ற சொல் தெரிந்தது. டிக்கெட்டின் கீழே புக் செய்த ஏஜென்சியின் பெயரும் போன் நம்பரும் பாதிக்கு மேல் இருந்தன.

"இது போதும்மா," என்றார் நீலாவதி. "நீயே சொல்லு, எழுதிக்கிறேன். என்ன விசா?"

"விசிட் விசா. ஆனா வேலைக்கி. எனக்கு ஈ.சி.ஆருங்க, ஒப்புதல் வாங்காம அனுப்பக் கூடாது. முப்பது வயசும் ஆவல."

நீலாவதி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். "ஏர்போர்ட்டுல கேட்டா யாரப் பாக்கப் போறன்னு சொல்லச் சொன்னான்?"

"மஸ்கட்டுல இருக்கிற அக்காவன்னு."

"அப்படி ஒருத்தங்க இருக்காங்களா?"

இளமதி கட்டுப் போட்ட கையை மெதுவாகத் தூக்கினாள். சுவரோரத்துப் பெஞ்சில், நெற்றியில் ஆறிவரும் காயத்தோடு பூவாயி உட்கார்ந்திருந்தாள்.

"இருந்தாங்க," என்றாள் இளமதி. "வந்துட்டாங்க. அக்கா, இங்க வாக்கா."

பூவாயி உடனே எழுந்திருக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. பிறகு காலை இழுத்துக்கொண்டு வந்து, மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து, நான்காக மடித்த தாளைக் கருகிய பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னுதையும் எழுதிக்குங்க," என்றாள்.